படகில் உப்புப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

வைட்டிலாவில் பஸ் மாறும்போது என் கணவர் என் தோளிலிருந்த பையைத் தூக்கிப் பார்த்தார்.

"எந்தாடி உள்ளே? இவ்ளோ கனமா இருக்கு?"

"சோறு," என்றேன்.

சோறு இல்லை. ஒரு பழைய சுடிதார், பெரிய துண்டு, தலைமுடியை இறுக்கிக் கட்ட ஒரு ரப்பர் வளையம், ஒரு ஜோடி கையுறை. படகு வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்கப் போகிறவளுக்கு மாற்றுத் துணி எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் நான் சண்டைக்குத்தான் போயிருப்பேன். நல்லவேளையாக அவர் கேட்கவில்லை. அவருடைய நினைப்பு ஏற்கெனவே மட்டாஞ்சேரிக்குப் போய்விட்டிருந்தது. என்னுடையதும்தான். ஆனால் நான் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன், ஏனென்றால் எங்கள் இருவரில் யாராவது ஒருவர் அப்படி இருந்தாக வேண்டும்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் குடும்பமும் பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குப் பிழைக்க வந்தவை. வீட்டில் பேசுவது தமிழ், கோபம் வந்தால் மலையாளம். ஊர் வழக்கப்படி, மூத்த ஆண்களை அழைப்பது போலவே, அவரையும் 'சேட்டா' என்றுதான் கூப்பிடுவேன். 'ஏங்க' என்று கூப்பிட்டேன் என்றால் ஏதோ விவகாரம் என்று அவருக்குப் புரிந்துவிடும். அவர் எறணாகுளத்தில் ஒரு முதலாளியிடம் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். நான் மட்டாஞ்சேரி பஜாரில் படகு உதிரிபாகம் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். படகுகள் எதனால் ஆரோக்கியமாக இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. எதனால் சாகின்றன என்று நன்றாகத் தெரியும். அழுகிப் போன பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்று வருகிறவர்களைத்தானே நான் நாள் முழுக்கப் பார்க்கிறேன்.

அன்றைக்குப் பார்க்கப் போனது சாதாரணப் படகு அல்ல, ஸ்கீ படகு. தண்ணீரில் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து ஒருவர் நிற்க, அவரை இழுத்துக்கொண்டு பறக்கிற படகு. என்ஜின் பின்னால் தொங்காமல் நடுவயிற்றிலேயே இருக்கும். கும்பளம் பக்கம் காயல், அதாவது கடலோடு சேர்கிற உப்பங்கழி, அகலமாகக் கிடக்கிறது. அங்கே சுற்றுலாக்காரர்களுக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் ஸ்கீ கற்றுக்கொடுத்துச் சொந்தமாகப் பிழைக்கலாம் என்பது எங்கள் திட்டம். அதற்காக இரண்டு பேரும் சிறுகச் சிறுகச் சேர்த்தது அப்படியே இருந்தது. ஒரு படகுக்குத்தான் காணும். தவறான படகில் போட்டுவிட்டால், இன்னொரு முறை சேர்ப்பதற்குள் முழங்கால் வலி வந்துவிடும்.

இது ஊருக்குச் சொல்லும் காரணம். எனக்கு வேறொன்றும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காயலோர ரிசார்ட்டில் வரவேற்பில் வேலை பார்த்தேன். விருந்தினர் இல்லாத ஒரு மத்தியானம், அங்கிருந்த ஸ்கீ படகுக்குப் பின்னால் எங்களையும் ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். விழுந்தேன், விழுந்தேன், பிறகு நின்றேன். ஒரு பெருமூச்சு விடும் நேரம்தான் நின்றிருப்பேன். அதற்குள் படகு திரும்பிவிட்டது. அந்த ஒரு மூச்சு நேரம் எத்தனையோ வருடமாக என் காலுக்கடியிலேயே இருக்கிறது. மறுபடி நிற்க வேண்டும், நன்றாக, வேண்டிய மட்டும் நிற்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

தீர்ப்பு சொல்வது என் பொறுப்பு என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். "நான் எந்தப் படகைப் பாத்தாலும் கொள்ளாம், நல்லாருக்குன்னு சொல்லிருவேன். நீ சரின்னு சொன்னாத்தான் சரி" என்று அவரே ஒத்துக்கொண்டிருந்தார். உண்மைதான். அவர் இதற்கு முன் கூட்டிப்போய்க் காட்டியவற்றில் ஒன்றில் தரைப்பலகை வழியாக என் கால் உள்ளே போனது. அதையும் கொள்ளாம் என்றார்.

மட்டாஞ்சேரியில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. விற்கிறவர் எங்களுக்காகக் கிடங்கு வாசலில் நின்றிருந்தார். பரம்பரையாக மஞ்சளும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்கிறவர். இந்தப் படகு யாரோ பட்ட கடனுக்கு ஈடாக அவர் கைக்கு வந்தது. எங்களைப் போலவே இந்தக் காயல் ஓரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். முஸ்லிம் அண்ணன்மாரை எல்லோரும் கூப்பிடுவது போல நாங்களும் அவரை இக்கா என்றோம். கிடங்கில் சுமை தூக்குகிறவர்களோடு பழகிப் பழகி, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார்.

"வா பெங்களே, வா. பன்னண்டு மணிக்கு வேற ஒரு ஆள் வருது. சீக்கிரம் நோக்கிக்கோ," என்று அவர் என்னைத் தங்கை முறை சொல்லி அழைத்தார். வேறு ஆள் வருகிறார் என்பது எல்லா வியாபாரியும் சொல்வதுதான். நானே கவுண்டரில் தினமும் சொல்கிறேன். இருந்தாலும் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டேன்.

மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே இருட்டில் நடந்து, கிடங்கின் பின்கதவைத் திறந்தால் நேரே காயல். படிக்கட்டின் கீழே அது கட்டிக் கிடந்தது.

என்ன சொல்ல. தாழ்வாக, நீளமாக, வெள்ளையும் கருநீலமுமாக, கட்டிப்போட்டால் பிடிக்காத மாதிரி கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. நடுவில் என்ஜினை மூடிய பெட்டி. அதன் முன்னால், ஸ்கீ கயிறு மாட்டுகிற பளபளப்பான இரும்புத் தூண். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. வாங்க வந்தவள் பல்லைக் காட்டினால் விலை ஏறும் என்பதால், இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கொள்ளாம்," என்றார் என் கணவர், படகில் கால் வைப்பதற்கு முன்பே.

"ஏங்க," என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

முதலில் என்ஜின். பெட்டியைத் தூக்கியதும் அவர் காய்ச்சல் பார்ப்பது போல அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத என்ஜினை நாங்கள் வருமுன் மல்லுக்கட்டி ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லென்று இருந்தது. அடுத்து ஆயில் குச்சியை உருவி நான் வெளிச்சத்தில் பிடித்தேன். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் அது சாயா நிறத்தில் இருக்கும். எத்தனையோ பேர் அப்படியொரு சாயாவைப் பாட்டிலில் கொண்டுவந்து என் கவுண்டரில் வைத்துக் கண் கலங்கியிருக்கிறார்கள். இது சுத்தமான கறுப்பு. புகைக்குழாய் பொருத்தும் இடத்தில் விரலை விட்டுத் தடவினேன். உப்புத் தண்ணீர் அரித்த படகுகளில் அந்த இடத்தில் துரு அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். இதில் விரல்தான் அழுக்கானது. படகின் பழைய சொந்தக்காரர் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் விட்டு என்ஜினைக் கழுவியிருக்கிறார் என்று இக்கா சொன்னார். அது பொய்யில்லை என்று விரல் சொன்னது.

சீட்டுக்கடியில் எலி கூடு கட்டியிருந்தது. பெட்டியின் ஒரு கீல் உடைந்து கம்பியால் கட்டியிருந்தது. மழைக்குப் போட்ட மூடுதுணி சல்லடையாகக் கிழிந்திருந்தது. இவையெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தன, பேரம் பேச ஏதாவது வேண்டுமே. நான் ஒவ்வொன்றுக்கும் 'த்சொ த்சொ' என்று நாக்கைத் தட்டிக்கொண்டே போனேன். உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

சாவியைத் திருப்பினார். ஒரு முக்கல், இரண்டு முக்கல், பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. படிக்கட்டுக் கல் வழியாக உள்ளங்காலில் ஏறியது. குழாயிலிருந்து வெள்ளைப் புகை ஒரு முறை வந்து தெளிந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணைப் பார்த்தால் நானும் சிரித்துவிடுவேன் என்று நான் காயலைப் பார்த்தேன்.

என்ஜினை அணைத்துவிட்டுத் தரைப்பலகையைத் தூக்கியபோதுதான் தண்ணீர் தெரிந்தது. கசிவதும் சிந்துவதும் வந்து சேர்கிற அடிப்பள்ளம் எல்லாப் படகிலும் உண்டு. அதில் கொஞ்சம் ஈரம் இருப்பது வழக்கம். இதில் கணுக்கால் மூழ்கும் அளவுக்கு நின்றது.

"மழை," என்றார் இக்கா. "ஒரு ஆழ்ச்ச, ஒரு வாரம் ஆச்சு தண்ணில இறக்கிட்டு. மூடுதுணி கீறிக் கெடக்கு. எல்லாம் மழைத்தண்ணி."

எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வைத்துக்கொள்வதில்லை. விரலை முக்கி நாக்கில் வைப்பார்கள். உப்புக் கரித்தால் காயல் உள்ளே வருகிறது, படகு ஓட்டை. கரிக்காவிட்டால் வானத்துத் தண்ணீர், பயமில்லை. குழம்புக்கு உப்புப் பார்ப்பதை விட இவர்கள் படகுக்கு உப்புப் பார்ப்பதுதான் அதிகம். என் கணவர் விரலை முக்கினார், நக்கினார், கண்ணை மூடினார். டீசல் பூசிய விரலையும் இப்படித்தான் நக்குவார். வீட்டில் நான் வைக்கும் ரசத்துக்கு இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

"உப்பு இல்ல," என்றார். "மழைதான்."

இக்காவும் நக்கிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால், கும்பளத்தில் எந்த ஜெட்டியில் கட்டுவது, பெயர்ப்பலகை என்ன நிறம் என்பது வரை போய்விட்டேன். பையிலிருந்த சுடிதாரின் ஞாபகம் வேறு இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

மீதி இருந்தது அடிப்பக்கம். படகு தண்ணீரில் கிடந்ததால் கண்ணால் பார்க்க முடியாது. என் கணவர் சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, அரைக்கால் சட்டையோடு காயலில் இறங்கி மூழ்கினார். புரொப்பெல்லரின் இதழ்களைக் கையால் தடவிப் பார்த்தார். மேலே வந்து, "நெளியல," என்று கத்தினார். மறுபடி மூழ்கி, அடியில் நேராக ஓட உதவும் துடுப்புத் தகடுகளைத் தடவிவிட்டு வந்து, "எல்லாம் இருக்கு, ஒடையல," என்றார். மூன்றாவது முறை வெளியே வந்தபோது அவர் தலையில் ஒரு கொத்துப் பாயல் உட்கார்ந்திருந்தது. தமிழ்நாட்டில் ஆகாயத்தாமரை என்பார்களே, அதுதான். பச்சைப்பசேலென்ற இலையும் நடுவில் ஊதாப் பூவுமாக, அசல் கல்யாண மாப்பிள்ளை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். போனில் படம் எடுத்தேன். இக்காகூடச் சிரித்தார்.

குனிந்து அந்தப் பாயலை அவர் தலையிலிருந்து எடுத்தேன். வேர் கறுப்பாகத் தழைத்திருந்தது. தண்டு தண்ணீர் நிறைந்து கொழுகொழுவென்றிருந்தது. ஒரு இலைகூட வாடவில்லை.

என் சிரிப்பு நின்றது.

கொச்சியில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். வெயில் காலத்தில் கடல் உள்ளே ஏறிக் காயல் உப்பாகும்போது பாயல் கருகிச் செத்து நாறும். மழைக்காலத்தில் ஆறுகள் எல்லாம் நிரம்பி வந்து கடலை வெளியே தள்ளிவிடும். அப்போதுதான் கிழக்கேயிருந்து பாயல் உயிரோடு மிதந்து வரும். பூவோடு ஒரு பாயல் மட்டாஞ்சேரியில் மிதக்கிறது என்றால் காயலில் உப்பு இல்லை. காயலில் உப்பு இல்லையென்றால், அடிப்பள்ளத்தில் நிற்பது மழையா காயலா என்று எந்த நாக்காலும் சொல்ல முடியாது.

இது அவருக்குத் தெரியாதா? தெரியும். இக்காவுக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மூன்று பேரும் இந்தத் தண்ணீரின் ஓரத்திலேயே பிறந்துவிட்டு, மழைக்காலத்தில் நின்றுகொண்டு, உப்பு இல்லை என்று ஒருவருக்கொருவர் கைகுலுக்காத குறையாக மகிழ்ந்திருக்கிறோம்.

பாயலைத் தூர எறிந்துவிடலாம் என்று தோன்றியது. மறைக்க விரும்பவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் அந்தப் படகு எனக்கு வேண்டும். குழந்தை பொம்மைக்கு அழுவதுபோல வேண்டும் வேண்டும் என்று உள்ளே அழுதது. இன்னும் கொஞ்ச நேரம், ஒரே ஒரு நிமிடம், அது நல்ல படகாகவே இருக்கட்டுமே என்று பாயலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு, "ஏங்க," என்றேன்.

படியில் உட்கார்ந்து சட்டையால் தலை துவட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"முங்குனப்போ வாயில தண்ணி போச்சா?"

"போச்சு. அதுக்கென்ன?"

"உப்பு இருந்துச்சா?"

அவர் என் கையிலிருந்த பூவைப் பார்த்தார். அத்தனை தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தும் உறைக்காதது அப்போது உறைத்தது. அவர் முகம் தொங்கிப் போனதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, என் மேலும்தான்.

இக்கா ஒரு கை காயல் தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினார். "படச்சோனே, ஆண்டவனே," என்றார். "ஞான் பொய் பறஞ்சதில்ல பெங்களே. சத்தியமாட்டு மழைன்னுதான் நெனச்சேன்."

பொய் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அது படகுக்குத் தெரிய வேண்டுமே. தண்ணீர் அடியில் ஏதாவது விரிசல் வழியாக வருகிறதென்றால் படகு எங்களுக்கு வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். தண்ணீரை இறைத்துவிட்டுப் பார்த்தால், ஈரமான வெள்ளைத் தரையில் புது ஈரம் எது, பழைய ஈரம் எது என்று யாரால் சொல்ல முடியும்?

கிடங்குக்குள்ளிருந்து காற்று வந்தது. மஞ்சள் நெடி. எனக்குத் தும்மல் வந்தது.

"இக்கா, மஞ்சத்தூள் இருக்கா? கூட்டித் தள்ளுனதா இருந்தாலும் மதி, போதும்."

"எதுக்கு?"

"படகுக்கு."

"இது என்ன, மீனா? மஞ்சள் போட்டு வறுக்கவா போற?"

விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் பன்னிரண்டு மணி ஆகிவிடும். என் கணவர் தண்ணீரை இறைத்தார். இக்கா கொடுத்த பழைய சாக்குகளால் நான் அடிப்பள்ளத்தைத் துடைத்தேன், துடைத்தேன், என் துண்டையும் எடுத்து மூலைமுடுக்கெல்லாம் துடைத்தேன். துண்டு எங்கிருந்து வந்தது என்று என் கணவர் கேட்கவில்லை. ஒரு பார்வை மட்டும் பார்த்தார். தரை காய்ந்ததும், இக்கா முறத்தில் அள்ளி வந்த மஞ்சள் தூளை முன்னும் பின்னும் ஓரங்களிலும் கோலத்துக்குப் பொடி தூவுவது போல் மெல்லிசாகத் தூவினேன். காய்ந்த மஞ்சள் வெளிர் நிறம். தண்ணீர் பட்டால் காவியாகக் கறுக்கும். கள்ளத்தனமாக வருகிற தண்ணீர் தன் காலடியைத் தானே காட்டிக்கொடுக்கும்.

பிறகு மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்துகொண்டு மஞ்சளைப் பார்த்தோம். பூஜையா என்று யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

தகடுகள் பொருத்திய இடம் காய்ந்தே இருந்தது. அங்கே கறுத்தால் கதை முடிந்தது, ஆகையால் நான் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். இடது ஓரம், ஒன்றுமில்லை. வலது ஓரம், ஒன்றுமில்லை. தூரத்தில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஜங்கார் போன அலையில் படகு ஆடியது.

"அதோ," என்றார் என் கணவர்.

பின்பக்கத்திலிருந்து ஒரு கறுத்த நூல் மஞ்சளுக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தது. என்ஜினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் ஷாஃப்ட், படகின் அடியைத் துளைத்து வெளியேறுகிற இடம் அது. அந்தத் துளையில் தண்ணீர் வராமல் அடைப்பதற்கு மெழுகு ஊறிய கயிற்றைச் சுற்றி நட்டால் இறுக்கியிருப்பார்கள். கிளாண்ட் என்று பெயர். அதற்குள் போகிற கயிற்றை நான் வெட்டி வெட்டி விற்கிறேன். என் கவுண்டரில் அதிகம் போகிற சரக்கே அதுதான்.

"கிளாண்டு!" என்று கத்தினேன். "கிளாண்டுதான் சேட்டா! படகு இல்ல, கிளாண்டு!"

கால்பந்தில் கோல் விழுந்தது போல எழுந்து குதித்ததில் படகு ஆடி, இக்கா என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவசரப்படக் கூடாது என்று மறுபடி உட்கார்ந்து இன்னும் பார்த்தோம். வேறெங்கும் மஞ்சள் நிறம் மாறவில்லை. வந்தது ஒரே நூல், ஒரே இடம். என் கணவர் ஸ்பேனரை எடுத்து நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். நூல் இளைத்தது. பிறகு சொட்டானது. பிறகு, எப்போதாவது ஒரு சொட்டு. அதற்கு மேல் இறுக்கக் கூடாது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பட்டால்தான் ஷாஃப்ட் சூடாகாமல் ஓடும். இத்தனை நாள் தண்ணீர் நின்றதே, உள்ளே மரக்கட்டைகள் ஊறியிருக்குமோ என்று ஸ்பேனரின் பிடியால் ஒவ்வொரு கட்டையையும் தட்டினேன். டக் டக் என்று கெட்டியாகப் பேசின. பின்னால் ஒரு மூலை மட்டும் தப் என்றது. அதை வெட்டி எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

"இனி ஓடிப் பாக்கலாம்," என்றார் என் கணவர். பிறகு என் பையைப் பார்த்துக்கொண்டே இக்காவிடம் கேட்டார். "இக்கா, இதோட வந்த ஸ்கீ பலகை கெடக்கா? ஆளை இழுத்துப் பாக்காம ஸ்கீ படகை எப்படி நம்பறது? உங்க பெங்கள் சோறெல்லாம் கட்டிட்டு வந்திருக்கா."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுடிதாரை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் ஓடினேன்.

தோப்பும்படிப் பாலத்துக்கு அடியில் மெதுவாகப் போய், இடக்கொச்சிப் பக்கம் காயல் அகலமாகி, பாயல் கூட்டங்கள் ஒதுங்கிய இடத்தில் நிறுத்தினார். லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் விழுந்து, பலகைகளை மாட்டிக்கொண்டு, முழங்காலை மார்போடு மடக்கி, கயிற்றைப் பிடித்தேன். இக்கா என்னைப் பார்த்தபடி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஓட்டுகிறவருக்கு நான் விழுந்தேனா நின்றேனா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் முறை கயிற்றை நான் இழுத்தேன். அதுதான் தப்பு. மல்லாக்க விழுந்தேன். இரண்டாம் முறை அவசரமாக எழுந்து முகம் குப்புற விழுந்து, வேண்டிய மட்டும் காயல் குடித்தேன். உப்பே இல்லை. இக்கா ஐயோ ஐயோ என்று கத்தினார். என் கணவர் படகைச் சுற்றிக்கொண்டு வந்து கயிற்றை என் பக்கம் விட்டார். அவர் அப்படித்தான், சொல்ல வேண்டாத நேரத்தில் நன்றாகச் சும்மா இருப்பார்.

மூன்றாம் முறை நான் எதையும் செய்யவில்லை. கையை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். படகு முக்கியது, இழுத்தது, தண்ணீர் முகத்தில் அறைந்தது, திடீரென்று தண்ணீரின் சத்தம் எனக்குக் கீழே போய்விட்டது. நின்றுகொண்டிருந்தேன்.

படகு திரும்பவில்லை. அவர் நேராகவே ஓட்டினார். தென்னைகள் போயின, சீனவலைகள் போயின, வலை இழுத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் கையை அசைத்தபடியே பின்னால் போனார். மழை பிடித்துக்கொண்டது, ஊசி ஊசியாய்க் கன்னத்தில் குத்தியது. நான் வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தப் பழைய ஒரு மூச்சு நேரம் தாண்டிவிட்டது, இன்னொரு மூச்சும் தாண்டிவிட்டது, அப்புறம் எண்ணவே தோன்றவில்லை. என் கணவர் பின்னால் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "முன்னாடி பாருங்க!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது.

திரும்பி வந்து கிடங்குப் படியில் படகைக் கட்டியபோது, குடையோடு ஒருவர் அங்கே நின்றிருந்தார். பன்னிரண்டு மணி ஆள். இக்கா பொய் சொல்லவில்லை. வெளுத்த சட்டை, கையில் கார் சாவி. நாங்கள் ஏறி வருமுன்பே அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் இறங்கிவிட்டார். என்ஜின் பெட்டியைத் தட்டினார். தூணை ஆட்டினார். நான் கூந்தலில் பாயலும் உடம்பெல்லாம் தண்ணீருமாக, பல்லெல்லாம் தந்தியடிக்க, படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். தீர்ப்பு இன்னும் நான் சொல்லவில்லையே.

அந்த மனிதர் தரைப்பலகையைத் தூக்கினார். அடியில் கொஞ்சம் தண்ணீர் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கியவர், அவரும் கொச்சிக்காரர்தானே, விரலை முக்கி நாக்கில் வைத்தார்.

"இது எந்தா?" என்றார். "மஞ்சள் உண்டு, உப்பு இல்லல்லோ."

"உப்பு வெயில் காலத்துல கடலு ஏறும்போ தானே வரும் சேட்டா," என்றேன் நான் அவரிடம். "அப்ப வாங்க, எங்க படகுலயே ஏறி ருசி பாக்கலாம்."